ஆறு வருடம் சும்மா இருந்த சாயம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 47. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டியில் எடை போடும் வேலை. ஆறு வருடமாக மாதம் ஒருமுறை தலைக்கும் மீசைக்கும் டை அடிக்கிறேன். ஒரே பாக்கெட்தான், இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை இரவு அடித்தேன். சனிக்கிழமை முழுவதும் பெங்களூரா மாங்காய் லோடு இறக்கினோம். ஞாயிறு காலை கண்ணைத் திறக்க முடியாமல் இமை வீங்கிவிட்டது. காது மடலிலும் பிடரியிலும் நீர் கசிந்தது. மாங்காய்ச் சுனை பட்டிருக்கும் என்று மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஐந்து நாளில் பாதி வற்றியிருக்கிறது. ஆவணியில் மகளுக்குத் திருமணம். இனி ரசாயனமே வேண்டாம் என்று வீட்டில் ‘ஹெர்பல் கருப்பு மருதாணி’ வாங்கி வைத்திருக்கிறார்கள். போடலாமா? எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் நரைக்கிறது என்கிறார்களே, உண்மையா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அந்த ஹெர்பல் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

பாவம், மாங்காய் மேல் வீண்பழி. சுனை பட்டால் தோல் வேகும் என்பது உண்மைதான். மா, முந்திரி, வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் சுனை, பட்ட இடத்தைத்தான் முதலில் தாக்கும்: விரல் இடுக்கு, முன்கை, காயைக் கடித்துத் தின்றவர்களுக்கு உதட்டோரம். நாள் முழுக்கக் கூடை இறக்கிய உங்கள் கைகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நீங்கள் சொல்லியிருப்பதெல்லாம் காது மடல், பிடரி, இமை. தலையை அலசும்போது சாயத் தண்ணீர் வழிகிற வழி அது. உச்சந்தலைத் தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும். இமைத் தோலோ உடம்பிலேயே மிக மெல்லியது. படுத்து எழுந்தால் நீரெல்லாம் அங்கே கோத்துக்கொள்ளும்.

ஆறு வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் என்பதுதான் உங்கள் மனத்தில் உள்ள கேள்வி. டை பாக்கெட்டில் பாரா ஃபீனைலீன்டையமின் என்ற பொருள் இருக்கிறது. சுருக்கமாகப் பிபிடி என்போம். அதற்குத் தனியாக நிறம் கிடையாது, அணுத்திரளும் மிகச் சிறியது. சிறியதாக இருப்பதால் முடிக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருளோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, பெரிதாகிக் கருக்கிறது. அதன் பிறகு வெளியே வர முடியாது. ஷாம்பு போட்டாலும் சாயம் போகாததன் ரகசியம் இதுதான். வந்த வினையும் இதிலேயே இருக்கிறது. முடிக்குள் நுழைகிற பொருள் தோலுக்குள்ளும் நுழைகிறது.

அப்படி நுழைந்ததைத் தோலின் காவல் அணுக்கள் ஏதோ ஒரு நாள் அந்நியன் என்று குறித்துக்கொள்கின்றன. சிலருக்கு இரண்டாம் முறையிலேயே, சிலருக்குப் பத்து வருடம் கழித்து, பலருக்குக் கடைசிவரை நடப்பதே இல்லை. குறித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. அதன்பின் எப்போது பட்டாலும் படை திரண்டு வரும். திரள ஒன்றிரண்டு நாள் ஆகும். வெள்ளி இரவு அடித்தது ஞாயிறு காலை வீங்கியதன் கணக்கு அது. நடுவில் ஒரு சனிக்கிழமை நன்றாக இருந்ததால்தான் சந்தேகம் மாங்காய் மேல் போயிற்று. அடுத்த தடவை இதைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். அதனால் “கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறேன்” என்ற பேச்சே கூடாது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் காதோரச் சோதனை, 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது, இதுவரை எதுவும் வராதவர்களுக்கு. உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

கம்பெனியை மாற்றினால் போதாதா என்பீர்கள். போதாது. 1883இல் பிரான்சில் பிபிடியை முடிச்சாயமாகப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார்கள். 1907இல் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் பாரிஸ் சலூன்களுக்குச் சாயம் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கி, இரண்டு ஆண்டில் கம்பெனியும் ஆரம்பித்தார். இன்றைய லோரியல் அதுதான். நூறு வருடத்துக்கு மேலாகியும் நிலைத்த கருப்புக்கு உலகம் இந்தப் பிபிடி வகையறாவைத்தான் நம்பியிருக்கிறது. ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், தடை செய்யவில்லை. ‘அம்மோனியா இல்லை’ என்று அட்டையில் போட்டிருப்பது வேறு சங்கதி. அம்மோனியா போனால் நாற்றம் போகும், பிபிடி அப்படியே இருக்கும்.

இப்போது உங்கள் வீட்டு மருதாணி. நம் வேலியோரத்து மருதாணி ஆரஞ்சும் செம்மையுமாகத்தான் பிடிக்கும். எந்த மருதாணியும் கருப்பாகப் பிடித்ததில்லை. பாக்கெட்டில் ‘கருப்பு’ என்று இருந்தால் அந்தக் கருப்பு வெளியிலிருந்து வந்தது. யோக்கியமான பாக்கெட்டில் அது அவுரி இலைப் பொடி. மற்றதில் பிபிடி, சில சமயம் சாதாரண டையில் இருப்பதைவிடக் கூடுதலாக. வெளிச்சத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாரா ஃபீனைலீன்டையமின், 1,4 டையமினோபென்சீன், சி.ஐ. 76060 என்பதெல்லாம் ஒரே ஆசாமியின் பெயர்கள். டொலுயீன் 2,5 டையமின் என்றிருந்தால் அவருடைய பங்காளி. அதுவும் உங்களுக்கு ஆகாது. எதுவுமே எழுதாத பாக்கெட்டை நம்புவதற்கில்லை. தூக்கிப் போடும்போது குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். இந்தப் பொடி வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் கெடும்.

கல்யாண வீடு என்பதால் இன்னொன்று. அரை மணியில் கருப்பாகப் பிடிக்கும் என்று சொல்லி விற்கிற மெஹந்தி கோனை மணப்பெண் கையிலும் வாண்டுகள் கையிலும் போட விடாதீர்கள். பூவும் கொடியும் வரைந்த இடமெல்லாம் அதே வடிவத்தில் கொப்புளமாக எழும்பிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். கொப்புளம் ஆறிவிடும். ஆனால் பத்து வயதில் கோன் போட்டு ஒவ்வாமை வாங்கிய பிள்ளை, முப்பதில் முதல் முறை டை அடிக்கும்போது உங்களைப்போல் வந்து நிற்கும்.

களிம்புக்கு வருவோம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த களிம்பாக இருந்தால் நிறுத்துங்கள். முகத்துக்கு அது கெடுதல், இமைக்கு இன்னும் கெடுதல். பாதிதான் வற்றியிருக்கிறது என்பதால் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்; சில நாளைக்கு மாத்திரை தேவைப்படலாம். அதுவரை வெந்நீர், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ நாக்கு தடித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிடுங்கள். மரத்துப்போக ஈறில் தடவும் பென்சோகெய்னும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மீசையைப் பற்றி எல்லோருக்குமே சொல்கிறேன். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இந்தச் சாயத்தைத் தடவுவது நல்லதல்ல. புருவம், இமை என்றால் கேட்கவே வேண்டாம். 1930களில் அமெரிக்காவில் இமை முடிக்குப் பூசும் பிபிடி சாயம் ஒன்று விற்றது. பார்வையே போனவர்கள் உண்டு. அழகுப் பொருட்களையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்து அந்த நாடு 1938இல் சட்டம் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆவணிக்கு என்ன வழி? புண் முழுவதும் ஆறிய பிறகு, வேலியில் பறித்த மருதாணி இலையை அரைத்துத் தலையில் தடவி இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். நரை செம்பட்டையாகும். அதன் மேல் கலப்பில்லாத அவுரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் போட்டால் கரும்பழுப்பு வரும். அட்டைக் கருப்பு வராது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் தடவை நிறம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. இதுவும் தொந்தரவு என்றால், தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு நரையோடு மேடையேறலாம். தாரை வார்க்கும் தகப்பன் தலையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஃப்ளோரைடுக்கும் நரைக்கும் சம்பந்தம் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது பல்லில் பழுப்புக் கோடு போடும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைக் கெடுக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 47 வயதில் நரைப்பது முடிவேரில் நிறம் செய்யும் அணுக்கள் ஓய்வெடுப்பதால். 25 வயதுக்குள் நரைத்தால் பி12, தைராய்டு பார்க்கச் சொல்வேன். அதியமான் ஊர்க்காரன் நெல்லிக்காயைக் குறை சொல்லக்கூடாது, தாராளமாகத் தின்னுங்கள். வெளுத்த முடியை அது கருப்பாக்காது.

மண்டியில் வேலை குறைந்ததும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். முதுகில் ஒட்டி, 48 மணி கழித்து ஒருமுறையும் அதற்கு ஓரிரு நாள் பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். போகும்போது பழைய டை பாக்கெட்டின் அட்டையையும் எடுத்துப் போங்கள்.