நகமும் பாலும் காளையும்

கேள்வி: கால்பந்து பார்க்கும் என் மகன், உருகுவே அணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கர்ரா' என்கிறான். அதன் பொருள் என்ன? சண்டைக்குணத்தைச் சொல்லும் வேறு மரபுத்தொடர்களும் ஸ்பானிய மொழியில் உண்டா?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: 'கர்ரா' என்பது விலங்கின் கூரிய நகம். தோல்வி நெருங்கும்போதும் பிடியை விடாத போர்க்குணத்தை அச்சொல் புகழ்ந்து சொல்கிறது. உருகுவே மக்கள் அந்நாட்டுப் பூர்வகுடியினரின் பெயரையும் சேர்த்து 'கர்ரா சர்ரூவா' என்பார்கள். 1950இல் ரியோ நகரின் மரக்கானா அரங்கில், முதல் கோலை வாங்கிய பிறகு பிரேசிலை 2–1 என வென்ற ஆட்டமே அதற்கு அவர்கள் காட்டும் சான்று. ஆனால் 'நகங்களை வெளியே எடுத்தான்' என்றொரு தொடரும் உண்டு. அது சீறி மிரட்டுவதைக் குறிக்கும்.

வம்புக்காரனை 'கெட்ட பால் உள்ளவன்' என்கிறார்கள். பாலோடு குணமும் வரும் என்ற பழைய நம்பிக்கையோடு இதை இணைத்துச் சொல்வர். நம்மவர்களோ 'தாய்ப்பால் குடித்தவனாக இருந்தால் வா' என்று அறைகூவுகிறோம். அங்கே பால் தீக்குணத்துக்குக் காரணமாகிறது, இங்கே வீரத்துக்கு. 'கையை முறுக்க விடமாட்டான்' என்பது விட்டுக்கொடுக்காதவனைச் சொல்வது. அதில் பாராட்டோடு பிடிவாதக்காரன் என்ற குறையும் கலந்திருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'க்ரெசெர்செ அல் காஸ்டிகோ', அதாவது தண்டனையில் வளர்தல். காளைப்போர் அரங்கில், குதிரைமேல் இருப்பவர் ஈட்டியால் குத்தும்போது பின்வாங்காமல் முன்னிலும் வேகமாகப் பாயும் காளையைப் பற்றிப் பிறந்த தொடர் இது; இன்று துன்பத்தால் துணிவு பெருகும் மனிதருக்கும் பொருந்துகிறது. கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கத்தரித்துவிட்ட, தேயிலைச் செடி செழித்துத் துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை விளக்கவே வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் நம் இலங்கை மலையகத்தின் முல்லோயாத் தேயிலைத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார். அதன் பின்னரும் போராட்டம் அடங்கவில்லை, அடுத்தடுத்த மாதங்களில் ஊவாத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. அந்தத் தொழிலாளரை ஸ்பானியர் ஒருவர் வருணிக்க நேர்ந்தால், இந்தத் தொடரைத்தான் எடுப்பார் என்று நம்புகிறேன்.

'கப்பல்களை எரித்தல்' என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டு இறங்குவதை அது குறிக்கும். 1519இல் மெக்சிகோவில் இறங்கிய எர்னான் கோர்தெஸின் செயலோடு அத்தொடரை இணைப்பார்கள். ஆயினும் அவர் கப்பல்களை எரிக்கவில்லை, பயணத்துக்கு உதவாதபடி கரைதட்டச் செய்தார்.