பட்டியலை அடியிலிருந்து எழுதுங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பள்ளியில் நல்ல மதிப்பெண்கள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1480. கம்ப்யூட்டர் சயின்ஸா பொருளாதாரமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் 19 கல்லூரிகள். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் அதில் இருக்கின்றன. "நிறைய போட்டால் ஒன்றாவது கிடைக்காமலா போகும்?" என்கிறார் அவள் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் எச்1பி என்ற வேலை விசா, மகள் அதைச் சார்ந்த எச்4. எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அவள் அப்பாவின் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. நூறு பேரில் ஐந்து பேரை எடுக்கும் கல்லூரிகள் பத்துக்கு விண்ணப்பித்தால் வாய்ப்பு 50 சதவீதம் ஆகிவிடாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் குலுக்கல் என்றே வைத்துக்கொண்டாலும் 40 சதவீதம்தான் வரும். ஆனால் இது குலுக்கலும் இல்லை. பத்து இடத்துக்கும் போவது அதே மதிப்பெண், அதே ஆசிரியர் கடிதம், அதே பிரதானக் கட்டுரை. ஒரு கல்லூரிக்குக் குறையாகத் தெரிந்தது பெரும்பாலும் அடுத்த கல்லூரிக்கும் தெரியும். அதனால் கடினமான கல்லூரிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் பாதுகாப்பு வந்துவிடாது. கட்டுரை வேலைதான் கூடும்.

எட்டு ஐவிகளும் ஒரே பட்டியலில் இருப்பதும் உறுத்துகிறது. ஐவி லீக் என்பது அடிப்படையில் ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பின் பெயர். உள்ளே போனால் எட்டும் எட்டு விதம். கொலம்பியாவில் எல்லா மாணவர்களும் படித்தே ஆக வேண்டிய பொதுப் பாடங்கள் ஒரு மூட்டை உண்டு. பிரவுனில் அப்படி எதுவும் கிடையாது. 1969இலிருந்து மாணவரே தன் பாடத்திட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். கொலம்பியா நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருக்கிறது. டார்ட்மத்தோ நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சின்ன ஊரில். இதில் ஒன்றை நிஜமாகவே விரும்பும் பிள்ளைக்கு இன்னொன்று பிடிக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். எட்டையும் மொத்தமாக எழுதியிருந்தால், பெயரைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றுதான் பொருள். "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கட்டுரையைத் திறந்ததும் அது வெளியே தெரிந்துவிடும்.

சரி, பட்டியலை எங்கே தொடங்குவது? அடியிலிருந்து. பலரும் மேலே ரீச் கல்லூரிகளை, அதாவது இடம் கிடைப்பது கடினமானவற்றை, ஆசையாக நிரப்பிவிட்டு, கடைசியில் சேஃப்டி என்று இரண்டை ஒப்புக்குச் சேர்க்கிறார்கள். ஏப்ரலில் கையில் மிஞ்சுவது அந்த இரண்டாக இருந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால் சேஃப்டியைத் தேடத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள். இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதியாக இருக்க வேண்டும். உதவித்தொகை எதுவும் வராவிட்டாலும் உங்களால் கட்டணம் கட்ட முடிய வேண்டும். முக்கியமாக, அங்கே போக அவளுக்கு மனசு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அது சேஃப்டி இல்லை.

இடம் உறுதியா என்பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு பெரிய பொறி. கல்லூரியின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இலினாய் அர்பானா-ஷாம்பெயினிலும், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கிடைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதைவிடப் பல மடங்கு கடினம். வேறு பாடத்தில் நுழைந்து அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அங்கே பலிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உட்பட ஒவ்வோர் இடத்திலும் இந்தப் பாடத்துக்கு மட்டும் சேர்க்கை எப்படி, சேர்ந்தபின் மாறுவதற்கு என்ன விதி என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டு முடியும்போது பாடத்தைத் தேர்ந்தெடுக்கவிடும் கல்லூரிகள் நன்றாகப் பொருந்தும். பல துறைகளையும் கலந்து படிக்கவைக்கும் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பாலும் இந்த வகை. ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், போடன் என்றால் ஊரில் உறவினர்களுக்குத் தெரியாது, "அது என்ன காலேஜ்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இடம் கிடைக்குமா என்று கணிக்க, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணம் உதவும். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி பகுதியைப் பாருங்கள். சி7 அட்டவணையில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று அவர்களே குறித்திருப்பார்கள். "விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்" என்று ஒரு வரி அதில் உண்டு. அதற்கு மதிப்புத் தரும் கல்லூரி பட்டியலில் இருந்தால், அது சேஃப்டியாகவே இருந்தாலும், அவர்களுடைய இணையக் கூட்டத்தில் ஒருமுறையாவது அவள் கலந்துகொள்ளட்டும். மதிப்பெண் அதிகம் உள்ள பிள்ளை எப்படியும் வரப்போவதில்லை என்று நினைத்துக் காத்திருப்போர் பட்டியலில் போடும் கல்லூரிகள் உண்டு.

சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி வரம்பு இருக்கும். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டுமே அனுப்பும் இடங்களில், அதாவது தேர்வு கட்டாயமில்லாத கல்லூரிகளில், அந்த எண் இயல்பைவிட உயரமாகத் தெரியும். எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்பதையும் அங்கேயே பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி, டார்ட்மத், ஹார்வர்டு போன்றவை தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டன. 1480 என்பது நல்ல மதிப்பெண்தான். ஆனால் மிகக் கடினமான கல்லூரிகளில் அது நடுவரம்புக்குக் கீழேதான் விழும். அதை அவளிடம் சொல்வதில் தப்பில்லை.

அடுத்தது பணம். பல வீடுகளில் இதை ஏப்ரலில்தான் பேசுகிறார்கள். நீங்கள் இந்த வாரமே பேசுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று ஓர் எண்ணை அவளிடம் சொல்லிவிடுங்கள். ஐவி கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள். இருவரும் நல்ல சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அங்கே பெரிதாக எதுவும் குறையாமல் போகலாம். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் மலிவு என்ற நினைப்பும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் வெளிமாநிலத்தவர் கட்டும் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும்; பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்து, வரும் தொகையைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் விசாவும் சேர்கிறது. எச்4இல் இருப்பவருக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. கால்குலேட்டர்கள் பெரும்பாலும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்தவை. அதில் வரும் தொகையை அப்படியே நம்ப முடியாது. உதவித்தொகை விஷயத்தில் உங்கள் மகளைச் சர்வதேச மாணவியாகக் கணக்கிடுவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டாலே இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்களில்தான் வெளிநாட்டவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கிறார்கள். உள்மாநிலக் கட்டணம் எச்4 மாணவிக்குப் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 21 வயதானால் எச்4 முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நான்கு ஆண்டுப் படிப்பின் நடுவிலேயே அவள் எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் இப்போதே ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

எத்தனை என்று கேட்டீர்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் 20 வரை போடலாம். போடலாம் என்பதற்காகப் போட வேண்டியதில்லை. எட்டு முதல் பத்து போதும்: சேஃப்டி இரண்டு, கிடைக்க நல்ல வாய்ப்புள்ள டார்கெட் நான்கு, ரீச் மூன்று. எண்ணும்போது கல்லூரிகளை எண்ணாமல் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஒரே விண்ணப்பத்தில் நான்கு சிறு பதில்கள் எழுதினால் ஒன்பது வளாகங்களுக்கும் அதுவே போகும், கட்டணம் மட்டும் வளாகத்துக்கு ஒன்று. சில தனியார் கல்லூரிகள் ஒன்றுக்கே நான்கைந்து கட்டுரைகள் கேட்கும். 12ஆம் வகுப்புப் பாடமும் அதே மாதங்களில்தான் ஓடும்.

எர்லி டெசிஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செப்டம்பரில் யாராவது சொல்லித்தான் தீருவார்கள். நவம்பரில் ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் வந்தே தீருவேன் என்று கையெழுத்திட்டு விண்ணப்பிப்பது அது. பல இடங்களில் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் மற்ற கல்லூரிகள் தரும் தொகையை ஒப்பிடும் வழி அடைபட்டுவிடும். உங்கள் விசா நிலையில், செலவு பற்றிய பதில் எழுத்தில் கையில் இல்லாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து, கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷன் உள்ள இடங்களில் தாராளமாகப் போடலாம். அதில் ஒன்று சேஃப்டியாக இருந்து டிசம்பரிலேயே சம்மதம் வந்துவிட்டால், மீதி விண்ணப்பங்களில் பாதியை எழுதாமலே விட்டுவிடலாம்.

இப்போதைக்கு ஒரு வேலை. பல்கலைக்கழக வகுப்புகள் முடிவதற்குள் ஒரு வார நாளில் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள ரட்கர்ஸுக்கும், யூயிங்கில் உள்ள தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சிக்கும் அவளை அழைத்துப் போங்கள். ஒன்று பிரம்மாண்டம், இன்னொன்று சிறிது. இரண்டும் அரசுக் கல்லூரிகள். எது பிடித்தது என்று நீங்கள் முந்திக்கொண்டு கேட்காதீர்கள். திரும்பி வரும் வழியில் காரில் அவளாகப் பேச்செடுத்தால், அவள் சொல்லும் காரணங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அன்று இரவு அந்த 19 பெயர்களையும் அவளோடு உட்கார்ந்து மறுபடி வாசியுங்கள்.