பேட்டரியில் 3 வோல்ட் இருந்தும் கடிகார சிப்பில் நேரம் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: அட்மெகா 328 மைக்ரோகன்ட்ரோலரோடு டிஎஸ்1307 ஆர்டிசி (நேரம் காக்கும் கடிகார சிப்) இணைத்திருக்கிறேன். சப்ளையை அணைத்துப் போட்டால் நேரம் போய்விடுகிறது. சிஆர்2032 பேட்டரி புதிது, அளந்தால் 3 வோல்ட் காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: பேட்டரியை விடுங்கள். மறுபடி ஆன் செய்ததும் எந்தத் தவறான நேரம் வருகிறது என்று முதலில் பாருங்கள். பழுது எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும்.

நிரலை ஏற்றிய நாளும் நேரமும் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்யூட்டில் பழுதே இல்லை. நேரம் செட் செய்யும் வரி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஓடுகிறது. கடிகாரம் நின்றிருந்தால் மட்டும் அது ஓடும்படி நிபந்தனை போடுங்கள். என் அனுபவத்தில் இதுதான் அடிக்கடி நடப்பது.

2000 ஜனவரி 1 என்று வந்து, நொடியும் நகராமல் நின்றால் பேட்டரி மின்சாரம் சிப்பைச் சேரவே இல்லை. முழுக்க மின்சாரம் இழந்த டிஎஸ்1307 இப்படித்தான் விழிக்கும். நொடியைச் சேமிக்கும் ரெஜிஸ்டரின் 7ஆவது பிட் 1 ஆகி, கடிகாரத்தை ஓட்டும் ஆசிலேட்டரை நிறுத்தி வைத்திருக்கும். நொடியை எழுதும்போது அந்த பிட்டை 0 ஆக்கினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இப்போது மீட்டரை எடுங்கள். நீங்கள் அளந்தது பேட்டரியை. அளக்க வேண்டியது சிப்பை. சப்ளையை அணைத்துவிட்டு, பேட்டரி ஹோல்டரில் இருக்கும்போதே, சிப்பின் 3ஆவது பின்னுக்கும் (பேட்டரி) 4ஆவது பின்னுக்கும் (கிரவுண்ட்) இடையே பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நேரம் தங்காது. எதுவுமே காட்டவில்லையென்றால் ஹோல்டரைச் சந்தேகியுங்கள்: அடியில் உள்ள மைனஸ் தகடு பேட்டரியைத் தொடாமல் இருக்கும், அல்லது அதன் சால்டர் விட்டிருக்கும். பேட்டரியை விரலால் அழுத்தியபடி அளந்தால் தெரிந்துவிடும். சொந்தமாக போர்டு செய்பவர்கள் பாதுகாப்புக்கென்று பேட்டரி வழியில் டயோடு போடுவதுண்டு. வேண்டாம், மின்னழுத்தம் குறைந்து சிப் தடுமாறும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். சில மாட்யூல்களில் பேட்டரியை சார்ஜ் செய்ய டயோடும் ரெசிஸ்டரும் இருக்கும். அது எல்ஐஆர்2032 என்ற, சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரிக்கானது. சிஆர்2032ஐ சார்ஜ் செய்யவே கூடாது. உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். பேட்டரியைக் கழற்றி, 5 வோல்ட் கொடுத்து, காலி ஹோல்டரை அளங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சார்ஜ் ஆகிறது என்று பொருள். அந்த ரெசிஸ்டரைச் சால்டர் எடுத்துக் கழற்றிவிடுங்கள்.

அதற்காக எல்ஐஆர்2032ஐ நேராக டிஎஸ்1307இல் கொடுத்துவிடாதீர்கள். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட், சிப்பின் பேட்டரி பின்னுக்கு 3.5தான் எல்லை. சப்ளை, பேட்டரியைப் போல் 1.25 மடங்குக்குக் கீழே போனால் சிப் பேச்சை நிறுத்திவிடும். 4.2க்கு அது 5.25 வோல்ட் ஆகிறது, உங்கள் 5 வோல்ட் போதாது. 2165ஆம் ஆண்டு, 165ஆம் மாதம் என்றெல்லாம் திரையில் வருவது சிப் பதில் சொல்லாதபோதுதான்.

டிஎஸ்3231 என்ற இன்னொரு ஆர்டிசி வைத்திருப்பவர்களுக்கு: மறுபடி ஆன் செய்ததும், அணைத்த நொடியில் நின்றுபோன நேரத்திலிருந்தே கடிகாரம் தொடர்ந்தால், கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 7ஆவது பிட் 1 ஆக இருக்கிறது. 0 ஆக்குங்கள்.

சரிசெய்தபின் நேரம் செட் செய்து, சப்ளையை அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆன் செய்து, செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். நொடிக்கணக்கில் அணைத்துப் போட்டால் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரமே கடிகாரத்தை ஓட்டி ஏமாற்றிவிடும்.