அங்கேயே பிறந்தவர் பெயரில் நிலம் வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி ஆலை வைத்திருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் புவாக்கே நகரத்துப் பக்கம் கொட்டை வாங்குகிறேன். என் கூட்டாளிக்கு 35 வயது, அங்கேயே பிறந்தவர். பெற்றோர் பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோக்காரர்கள். கிராமத்தில் அவர் பெயரில் நிலம் வாங்கிக் கிடங்கு கட்டலாமா?

பதில்: முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். அந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் அவர் குடிமகன் ஆகிவிட மாட்டார். தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று 1972இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிராமப்புற நிலத்துக்குத் தனியாள் ஒருவர் சொந்தக்காரர் ஆக வேண்டுமானால் அவர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும்.

எனக்கு இது மனசு ஆறாத விஷயம். இன்றைய புர்க்கினா ஃபாசோவின் பெரும்பகுதியை 1932இல் ஐவரி கோஸ்ட்டோடு சேர்த்தது பிரெஞ்சு ஆட்சி, 1947இல் பிரித்தது. இடையில் தோட்ட வேலைக்கு வந்தவருக்கு அது வேறு நாடே இல்லை. விடுதலைக்குப் பின் முதல் அதிபர் ஊஃபுவே-புவான்யி, காடு திருத்திப் பயிர் வைத்தவருக்கே நிலம் என்றார். 1993இல் அவர் இறந்தபின் அடுத்த அதிபர் பெடியே ஆட்சியில் 'இவ்வாரித்தே', அதாவது யார் அசல் ஐவரியர் என்ற பேச்சு கிளம்பியது. அந்நாட்டின் வடபகுதி முஸ்லிம் பெயர் இருந்தாலே சந்தேகம்.

2000இல் புதிய அரசியல் சாசனம் எழுதியபோது, அதிபர் வேட்பாளரின் தந்தை 'அல்லது' தாய் ஐவரியரா, தந்தை 'மற்றும்' தாயா என்று நாடே சண்டை போட்டது. பிரெஞ்சில் இரண்டும் ஓரெழுத்து ஓசைதான்: 'ஊ', 'எ'. 'எ', அதாவது 'மற்றும்', வென்றது; பெற்றோர் ஐவரியரா என்று சந்தேகம் கிளப்பப்பட்ட முன்னாள் பிரதமர் ஒத்தாராவால் போட்டியிட முடியவில்லை. 2002இல் உள்நாட்டுப் போர். நீங்கள் கொட்டை வாங்கும் புவாக்கேதான் கிளர்ச்சிக்காரர்களின் தலைமையிடம். 2010 தேர்தலுக்குப் பின் மறுபடி மூண்ட சண்டையில் சுமார் 3,000 பேர் செத்தார்கள். 2016 சாசனத்தில்தான் அந்தச் சொல் 'அல்லது' ஆனது.

அதனால் கூட்டாளியிடம் பக்குவமாகக் கேளுங்கள். 'நீ எந்த நாட்டுக்காரன்' என்ற கேள்வியைச் சோதனைச் சாவடிகளில் கேட்டுக் கேட்டு நொந்த சனம் அது. 2013இல் வந்த சிறப்புச் சட்டம் பழைய குடியேறிகள் பலருக்குக் குடியுரிமை பெற வழிவிட்டது. அவர் குடும்பமும் அப்படிப் பெற்றிருக்கலாம். நீதிமன்றம் கொடுத்த குடியுரிமைச் சான்றிதழ் அவரிடம் இருந்தால் சரி, மேலே பேசலாம். இல்லையென்றால் குத்தகைக்கு எடுப்பதுதான் நல்லது. நகர எல்லைக்குள் இடம் பார்த்தால் இந்தக் கிராம நிலச் சட்டம் குறுக்கே வராது.

அப்புறம் ஒன்று. கிராமத்தில் கையால் எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் நீட்டுவார்கள். 'சின்னத் தாள்' என்றே அங்கே அதற்குப் பெயர். அதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். நில உரிமைச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நோட்டரியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.