வாசகர் கேள்விகள்: நுரையீரல் புற்று எலும்பைத் தேடிப் போவது ஏன்?

கேள்வி: நுரையீரல் புற்றுநோய் எலும்புக்குப் பரவ ‘கீமோகைன்’கள் காரணம் என்று படித்தேன். கீமோ சிகிச்சையால் வருவதா இது?

பதில்: இல்லை, பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. கீமோகைன்கள் நம் உடலே சுரக்கும் சிறு புரதங்கள். ஏறக்குறைய 50 வகை உண்டு. காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் வழி கண்டுபிடிப்பது இவற்றால்தான். செறிவு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் செல் நகரும்.

எலும்பு மஜ்ஜையில் சுரக்கும் முக்கியமான கீமோகைன் சிஎக்ஸ்சிஎல்12. ரத்த ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலேயே இருத்தி வைப்பது அதன் அன்றாட வேலை. அதை உணரும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. கட்டி வளர்ந்து உள்ளே ஆக்சிஜன் குறையும்போது, புற்றுச் செல்கள் இந்த ஏற்பியைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்கின்றன. அதாவது ஸ்டெம் செல்லுக்கான அழைப்பை இவை ஒட்டுக்கேட்கின்றன! மஜ்ஜையின் நுண்குழாய்களில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். சுவரும் இடைவெளி விட்டது. சிஎக்ஸ்சிஎல்12 பட்டதும் புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் சுவரை இறுகப் பற்றுகின்றன. பிறகு செல் உள்ளே நுழைகிறது. முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு ஆகியவை அதிகம் பாதிக்கப்படுவதில் வியப்பில்லை: பெரியவர்களுக்குச் செம்மஜ்ஜை (ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜை) மிகுந்திருப்பது அங்கேதான்.

கேள்வி: சிஎக்ஸ்சிஎல்12 கல்லீரலிலும் சுரக்கிறதாமே. பிறகு எலும்புக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு?

பதில்: நல்ல கேள்வி. கல்லீரலுக்கும் இந்தப் புற்று பரவத்தான் செய்கிறது. ஆனால் வந்து சேர்வது வேறு, வேர் பிடிப்பது வேறு. எலும்பில் புற்றுச் செல்கள் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தை விடுகின்றன. அது எலும்புச் செல்களைத் தூண்டி ‘ரேங்க் லிகாண்ட்’ என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கூட்ட, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகுகின்றன. எலும்பு கரையும்போது அதில் சேமிக்கப்பட்டிருந்த டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி வெளிவந்து, புற்றுச் செல்லை மேலும் பிடிஎச்ஆர்பி விடச் செய்கிறது. கீமோகைன்கள் இங்கும் உண்டு: சிசிஎல்2 ஆஸ்டியோகிளாஸ்டின் முன்னோடிச் செல்களை வரவழைக்கிறது, இன்டர்லூகின்-8 அவை முதிர உதவுகிறது.

கேள்வி: அப்படியானால் சிஎக்ஸ்சிஆர்4-ஐ மருந்தால் அடைத்துவிடலாமே?

பதில்: அடைக்கும் மருந்து இருக்கிறது: பிளெரிக்சாஃபோர். 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் எலும்புப் பரவலுக்காக அல்ல. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்காக அந்தச் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்குவதற்கு. சிக்கலும் அதுதான். அந்த ஏற்பியை நீண்ட நாள் அடைத்தால் நல்ல செல்களும் இடம் பெயரும். தவிர, நோய் கண்டறியப்படும் வேளையில் பலருக்குப் புற்று ஏற்கெனவே எலும்பில் குடியேறியிருக்கும்; வாசலை அடைத்துப் பயன் குறைவு.

ஆகவே இப்போதைய மருந்துகள் எலும்பு அரிக்கப்படுவதைத்தான் குறிவைக்கின்றன. டெனோசுமாப் 120 மில்லிகிராம் 4 வாரத்துக்கு ஒருமுறை தோலடி ஊசியாக. அல்லது சோலெட்ரோனிக் அமிலம் 4 மில்லிகிராம், குறைந்தது 15 நிமிடம் சொட்டுச் சொட்டாக. வேகமாக ஏற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும்; ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது) பார்க்காமல் அதைத் தரக்கூடாது. இரண்டிலுமே ரத்தக் கால்சியம் இறங்கலாம், தாடையெலும்பு அழுகலாம். எனவே பிடுங்க வேண்டிய பல்லை ஊசிக்கு முன்பே பிடுங்கி, புண் ஆறிய பிறகு தொடங்குவது நல்லது.

முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ அடுத்த மருந்துத் தேதிவரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் அழுத்தப்படலாம், அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.