நெறிக்குழு ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நண்பருக்கு

மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்து எலும்பியலில் ஆராய்ச்சி வருடம் எடுத்தீர்கள், நான்கு மாதமாகியும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவின் ஒப்புதல் வரவில்லை, கூடப் படித்தவர்கள் ரெசிடென்சிக்கு (படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கிறார்கள், நீங்கள் மட்டும் தேங்கி நிற்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்தது. அமெரிக்காவில் நானும் அதே வருடத்தைக் கடந்து வந்தவன்.

வருடம் வீணாகவில்லை. 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1 தேர்வில், அதாவது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில், மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். அதனால் எலும்பியல் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஆராய்ச்சியையும் கவனித்துப் பார்க்கிறார்கள்.

ஒப்புதல் வரும்வரை நோயாளி கோப்பு எதையும் திறக்காதீர்கள். ஆனால் முன்னுரையும் ஆய்வுமுறைப் பகுதியும் இப்போதே எழுதலாம். ரெட்கேப் (ஆய்வுத் தரவைப் பதியும் மென்பொருள்) படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும், எதை எப்படிப் பதிவது என்று விளக்கம் எழுதி வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. 60 கோப்பு முடித்த பிறகு பார்த்தால், புகைப்பதை எப்போதோ விட்டவருக்கு ஓரிடத்தில் 'ஆம்', இன்னோரிடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தேன். அத்தனையையும் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், ஒரே ஆய்வை நம்பி உட்காராதீர்கள். ஒப்புதல் பெற்றும் ஆள் இல்லாமல் பாதியில் நிற்கும் ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று ரெசிடென்ட்களிடம் கேளுங்கள். அதில் உங்கள் பெயரைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போதும். கட்டுரையில் எத்தனையாவது பெயர் உங்களுடையது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

முடிந்தால் வாரம் அரை நாளாவது கிளினிக் போங்கள். எனக்கு அந்த வியாழக்கிழமைகள்தான் தெம்பு தந்தன.