வாசகர் கேள்வி - பதில்: சத்துவாச்சாரியும் ஜமைக்காவும்

கேள்வி: 140 கோடிப் பேர் உள்ள நமக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6 பதக்கம். 30 லட்சம் பேர்கூட இல்லாத ஜமைக்காவுக்கும் 6. கோளாறு எங்கே?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தலைகளை எண்ணிப் பயனில்லை, மைதானம்வரை வந்து சேரும் பிள்ளைகளைத்தான் எண்ண வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம். இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் குறையும். 800 மீட்டர் ஓடும் பெண் இரண்டாவது சுற்றில் தளர்ந்துவிடுவாள். அவளைத் திட்டாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஜமைக்காவும் பணக்கார நாடல்ல. ஆனால் அங்கே 1910 முதல் பள்ளிகளுக்கிடையே தடகளப் போட்டி நடக்கிறது. வேகமாக ஓடும் பிள்ளை யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஓட்டத்துக்குச் செலவும் குறைவு. படகுப் போட்டி, குதிரையேற்றம் என்றால் கதை வேறு.

கேள்வி: அரசு பணத்தைக் கொட்டினால் பதக்கம் வருமா?
- வாசகர், காட்பாடி

பதில்: வரும், ஆனால் உடனே வராது. 1996 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு ஒரே ஒரு தங்கம். பிறகு லாட்டரி வருமானத்தை விளையாட்டுக்குத் திருப்பினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 27 தங்கம். பதக்க வாய்ப்புள்ள ஆட்டத்துக்கே பணம் என்று கறாராக இருந்தார்கள். ரியோவில் வெண்கலம் வாங்கிய பேட்மிண்டனுக்கே அதன்பின் நிதியை நிறுத்தினார்கள். வயிறு நிறையாத பிள்ளைகள் உள்ள இடத்தில் அந்தக் கறார் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: மகனுக்கு 14 வயது, எடை 50 கிலோ. பளுதூக்கப் பழக ஆசைப்படுகிறான். வசதி குறைந்த எங்களால் முடியுமா?
- வாசகி, ஆற்காடு

பதில்: முடியும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் மீண்டும் தங்கம். அவருடைய அப்பா முன்னாள் ராணுவ வீரர், தாமும் பளுதூக்கியவர். ஒரு கம்பியையும் தட்டுகளையும் பல பிள்ளைகள் மாறி மாறித் தூக்கலாம்; 4 மீட்டர் சதுர மேடை போதும். நன்றாகத் தூக்கினால் ரயில்வே, ராணுவ வேலைக்கும் வழி உண்டு. ஏழைக் குடும்பம் பிள்ளையைத் துணிந்து அனுப்புவது அதை நம்பித்தான்.

முதலில் சில வாரம் வெறும் மரக்கம்பு, பிறகு 15 கிலோ கம்பி. கம்பி உடம்பைவிட்டு விலகினால் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும்; அவசரப்பட்டுத் தட்டு ஏற்றும் பையன்களுக்கு முதுகுவலி வருவது அதனால்தான்.

நாளைக்குச் சுமார் 80 கிராம் புரதம் வேண்டும். 3 முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் மல்லாட்டையில் (வேர்க்கடலை) 12, கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. மீதி சோறும் பருப்பும் தரும். புரத மாவு டப்பா தேவையில்லை. வெறும் டீ குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகவிடாதீர்கள்.

போட்டிச் சான்றிதழ்களை முதல் ஆண்டிலிருந்தே கோப்பில் சேர்த்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அசலைக் கேட்பார்கள்.